கையில் இல்லாத ஆவணமும் காலாவதியான ஆவணமும்

இந்தியச் சாலைகளில் இருசக்கர வாகனம் ஓட்டுபவர், சீருடையில் இருக்கும் காவல்துறை அலுவலர் கேட்டால் காட்ட வேண்டிய ஆவணங்கள் நான்கு: ஓட்டுநர் உரிமம், வாகனத்தின் பதிவுச் சான்றிதழ், காப்பீட்டுச் சான்றிதழ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130, 158 ஆகிய பிரிவுகளும், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139ஆம் விதியும் சேர்ந்து இந்தக் கடமையை விதிக்கின்றன. பட்டியல் இவ்வளவு சிறியதாக இருந்தும், வாகனச் சோதனை நடக்கும் இடங்களில் ஆவணங்களைப் பற்றிய வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. இரண்டு தனித்தனிக் கேள்விகள் அங்கே ஒன்றாகக் கலந்துவிடுவதே இதற்குக் காரணம். ஆவணம் இந்த நேரத்தில் கையில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அது இன்றைய தேதியில் செல்லுபடியாகுமா என்பது இரண்டாவது. முதல் கேள்வியில் சட்டம் ஓட்டுநருக்கு நிறையவே இடம் கொடுக்கிறது. இரண்டாவதில் அப்படி எந்தச் சலுகையும் இல்லை. ஆனால் நம்மில் பலர் முதல் கேள்விக்காக அஞ்சி, இரண்டாவதை ஆண்டுக்கணக்கில் பார்க்காமலே விட்டுவிடுகிறோம்.

கேட்ட இடத்தில் ஆவணத்தைக் காட்ட இயலாத ஒருவர் என்ன செய்யலாம் என்பதை 139ஆம் விதி தெளிவாகவே சொல்கிறது. ஆவணங்களில் ஏதேனும் ஒன்றோ அனைத்துமோ கைவசம் இல்லாவிட்டால், கேட்கப்பட்ட நாளிலிருந்து 15 நாள்களுக்குள், அலுவலர் ஒருவரால் சான்றொப்பம் இடப்பட்ட பிரதியை நேரில் ஒப்படைக்கலாம். அல்லது, ஆவணத்தைக் கேட்ட அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கலாம். அந்த இடத்தில் அபராதச் சீட்டு வழங்கப்பட்டாலும், சோதனை நடந்த தேதியில் ஆவணம் செல்லுபடியாகத்தான் இருந்தது என்பதைக் காட்டி அதை எதிர்ப்பதற்கு இந்த விதி துணை நிற்கிறது. சோதனைக்கு மறுநாள் அவசரமாக எடுத்த காப்பீட்டையோ புகைச் சான்றையோ கொண்டுபோய்க் காட்டுவதால் பயனில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

ஆவணம் இருந்தும் காட்டத் தவறுவது பொதுவாக 177ஆம் பிரிவின் கீழ் வருகிறது. தனியாகத் தண்டனை குறிப்பிடப்படாத மீறல்களுக்கான பொதுப் பிரிவு அது; 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு 500 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளுக்கு 1,500 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். ஆவணமே இல்லாமல் ஓட்டுவது இதைவிடப் பல மடங்கு பெரிய குற்றம். உரிமம் இல்லாமல் ஓட்டினால் 181ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காப்பீடு இல்லாமல் ஓட்டினால் 196ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் பிடிபட்டால் அபராதம் 4,000 ரூபாய். இவை நீதிமன்றம் விதிக்கக்கூடிய தண்டனைகள். சாலையிலேயே கட்டி முடிக்கும் சமரசக் கட்டணத்தை 200ஆம் பிரிவின்படி அந்தந்த மாநில அரசு நிர்ணயிக்கிறது. அதனால்தான் ஒரே மீறலுக்கு மாநிலத்துக்கு மாநிலம் தொகை மாறுகிறது. திருத்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் 2019 செப்டம்பர் 1ஆம் தேதியே நடைமுறைக்கு வந்துவிட்ட போதிலும், தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட கட்டணங்கள் 2022 அக்டோபரில்தான் அமலுக்கு வந்தன.

அசல் ஆவணம்தான் வேண்டும், செல்பேசியில் காட்டுவது செல்லாது என்ற எண்ணம் தமிழ்நாட்டில் இன்னும் பரவலாக இருப்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 2017 செப்டம்பரில், வாகனம் ஓட்டும் அனைவரும் அசல் ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டும் என்று மாநிலத்தில் அறிவிக்கப்பட்டு, அந்த அறிவிப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அந்த நாள்களில் ஏற்பட்ட அச்சம் மனத்தில் தங்கிவிட்டதே தவிர, அதற்குப் பின் வந்த மாற்றங்கள் அதே அளவுக்கு மக்களிடம் போய்ச் சேரவில்லை. 2018 ஆகஸ்டில், அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும், போக்குவரத்து அமைச்சகத்தின் எம்-பரிவாகன் செயலியிலும் உள்ள ஆவணங்களை அசலுக்கு இணையாக ஏற்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் 139ஆம் விதியே திருத்தப்பட்டு, ஆவணங்களை அச்சு வடிவிலோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்பது விதியின் பகுதியாகிவிட்டது. 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த மற்றொரு திருத்தம் இன்னும் ஒரு படி மேலே சென்று, மின்னணு முறையில் சரிபார்க்கப்பட்ட ஆவணத்தின் அச்சு வடிவத்தைச் சோதனையின்போது கேட்கக் கூடாது என்றும், சோதித்த நேரமும் சோதித்த அலுவலரின் அடையாளமும் இணையதளத்தில் பதிவாக வேண்டும் என்றும் கூறியது. ஆகவே அசல் உரிமத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவது இன்று சட்டப்படி தவறாகாது.

எனினும் ‘மின்னணு வடிவம்’ என்பதை ஓட்டுநர்கள் மிகவும் தளர்வாகப் புரிந்துகொள்கிறார்கள். உரிமத்தைப் படம் எடுத்துச் செல்பேசியின் கேலரியில் வைத்திருப்பதும், மகனோ மனைவியோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதிவுச் சான்றிதழின் (ஆர்.சி.) படத்தைக் காட்டுவதும் இந்த விதியின் பாதுகாப்பைத் தராது. டிஜிலாக்கருக்குள்ளேயே இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. அரசுத் துறை நேரடியாக வழங்கிய ஆவணங்கள் ஒன்றில் இருக்கும். பயனாளர் தாமே ஸ்கேன் செய்து பதிவேற்றியவை மற்றொன்றில் இருக்கும். முதல் பிரிவில் இருப்பதற்கு மட்டுமே அசலுக்குரிய மதிப்பு உண்டு, ஏனெனில் அது உரிமங்களுக்கான ‘சாரதி’ தரவுத்தளத்திலிருந்தும் வாகனங்களுக்கான ‘வாகன்’ தரவுத்தளத்திலிருந்தும் நேரடியாக எடுக்கப்படுவது. பழைய கையெழுத்துப் புத்தக உரிமம் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வருவதுண்டு. அவர்களுடைய விவரம் சாரதியில் ஏற்றப்படாமல் இருந்தால் எவ்வளவு தேடினாலும் செயலியில் உரிமம் வராது. உரிமம் வழங்கிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகி அதைப் பதிவேற்றச் செய்யும் வரை அவர்கள் அசலையே எடுத்துச் செல்ல வேண்டும்.

ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொண்டால், அதில் முதலில் பார்க்க வேண்டியது செல்லுபடிக் காலம். ஒரு முறை எடுத்தால் 20 ஆண்டு என்ற பழைய கணக்கு மாறிவிட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 30 வயது நிறைவதற்குள் உரிமம் பெற்றால் அல்லது புதுப்பித்தால் அது 40 வயது வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் எடுத்தால் பத்தாண்டு. 50 முதல் 55க்குள் எடுத்தால் 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டுகள். முன்பு உரிமம் காலாவதியான பிறகும் 30 நாள்கள் அது நடப்பில் இருப்பதாகவே சட்டம் கருதியது. அந்தச் சலுகை இதே திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. இது பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் பெரும் கவலை தருகிறது. அட்டையில் அச்சிட்ட தேதிக்கு மறுநாள் ஓட்டுபவர் உரிமம் இல்லாதவராகவே கருதப்படுவார். காலாவதிக்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதால், கடைசி வாரம் வரை காத்திருக்க எந்தத் தேவையும் இல்லை. காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும்.

அடுத்து, வாகன வகை. கியர் இல்லாத வண்டிக்கும் கியர் உள்ள வண்டிக்கும் சட்டம் தனித்தனி வகைகளை வைத்திருக்கிறது. கியர் வண்டிக்கான உரிமம் பெற்றவர் ஸ்கூட்டர் ஓட்டலாம். ஸ்கூட்டருக்கு மட்டும் உரிமம் பெற்றவர் கியர் பைக்கை எடுத்தால், அந்த வண்டியைப் பொறுத்தவரை அவரிடம் உரிமமே இல்லை. கார் உரிமம் இருக்கிறது என்பதால் பைக் ஓட்டுவதும் அப்படித்தான். எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அதை வைத்து ஓட்டும்போது வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும் என்பதும், உரிமம் பெற்றுக் கற்றுத்தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது என்பதும் விதி. கல்லூரி வாசல்களில் இந்த இரண்டாவது நிபந்தனை அன்றாடம் மீறப்படுவதைப் பார்க்கலாம்.

பதிவுச் சான்றிதழ், அதாவது நாம் இன்றும் ஆர்.சி. புத்தகம் என்றே அழைக்கும் அட்டை, தனிநபர் வண்டிகளுக்கு 15 ஆண்டு செல்லும்; பிறகு தகுதி பார்க்கப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். பழைய வண்டி வாங்குபவர்களிடம்தான் ஆர்.சி. பெரிய சிக்கலை உண்டாக்குகிறது. விற்றவர் கையெழுத்திட்ட படிவங்களும் சாவியும் கைமாறியதோடு விற்பனை முடிந்துவிட்டதாக இருவரும் நினைத்துவிடுகிறார்கள். சட்டத்தின் பார்வையில் அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விற்றுப் பல கை மாறிய ஒரு வாகனம் விபத்து ஏற்படுத்திய வழக்கில், பதிவேட்டில் பெயர் மாறாத காரணத்தால் முதலில் விற்றவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பெயர் மாற்றம் என்பது வாங்குபவரின் வேலை மட்டுமே என்று விற்பவர் ஒதுங்கிவிட முடியாது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள்களுக்குள் விற்றவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். முகவரி மாற்றத்துக்கும் 30 நாள்தான் கெடு. கேமராவில் பதிவாகும் மீறல்களுக்கான அறிவிப்புகள் பதிவேட்டில் உள்ள முகவரியையும் செல்பேசி எண்ணையும் நம்பியே அனுப்பப்படுவதால், பழைய முகவரியோடு ஓட்டுபவர்களுக்குத் தங்கள் வண்டியின் மீது அபராதம் சேர்ந்திருப்பதே தெரியாமல் போகிறது.

நான்கு ஆவணங்களில் மிகவும் தவறாகப் படிக்கப்படுவது காப்பீட்டுச் சான்றிதழ்தான். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடர்ந்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் பிறப்பித்த உத்தரவின் விளைவாக, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் ஒவ்வொரு புதிய இருசக்கர வாகனத்துக்கும் ஐந்து ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. அதற்குப் பின் வாங்கிய வண்டியின் பாலிசித் தாளைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு காலவரம்புகள் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். ஒன்று, சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு. இது ஓராண்டில் முடிந்துவிடலாம். மற்றொன்று, பிறருக்கு ஏற்படுத்தும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு. இது ஐந்தாம் ஆண்டு வரை நீளும். சாலையில் ஓட்ட 146ஆம் பிரிவு கட்டாயமாகக் கேட்பது இந்த இரண்டாவதை மட்டுமே. முதல் வரியில் உள்ள தேதியை மட்டும் பார்த்துவிட்டுக் காப்பீடு முடிந்துவிட்டது என்று சோதனையில் கூறப்பட்டால், இரண்டாவது வரியைப் பணிவுடன் சுட்டிக்காட்ட ஓட்டுநருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆறாம் ஆண்டு தொடங்கும்போது நேர்வது இதைவிட மோசமானது. ஐந்தாண்டுகள் கவலையின்றி ஓட்டிய பழக்கத்தால், அந்தக் காலம் முடிந்ததை உணராமலே பலரும் காப்பீடின்றி ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

இது 2,000 ரூபாய் அபராதத்தோடு முடியும் விஷயமாக இருந்தால் இவ்வளவு வலியுறுத்த வேண்டியதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு இருக்கும் வண்டி ஒருவர் மீது மோதினால், உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் கட்டுகிறது. காப்பீடு இல்லையென்றால் அந்தத் தொகை, அது சில லட்சமானாலும் பல லட்சமானாலும், ஓட்டியவர் மீதும் உரிமையாளர் மீதும் விழுகிறது. கட்ட வசதியில்லாத குடும்பமும் அதைப் பெற முடியாத பாதிக்கப்பட்ட குடும்பமும் ஒருசேர நொடிந்துபோகின்றன. காப்பீடு இருந்து உரிமம் இல்லாவிட்டாலும் ஓட்டியவர் தப்புவதில்லை. உரிமம் தொடர்பான நிபந்தனை மீறப்பட்ட வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் தொகையைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை வாகன உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற கோட்பாட்டை 2004இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு வகுத்தது. உரிமையாளர் ஓட்டுநராக இருக்கும்போது அவருக்கே கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் செல்லுபடியாகும் உரிமம் இருந்தால்தான் கிடைக்கும். பதிவுச் சான்றிதழிலும் பாலிசியிலும் அவர் பெயரே இருக்கவும் வேண்டும். நான்கு ஆவணங்களும் தனித்தனி அலுவலகங்களிலிருந்து வந்தாலும், விபத்து நடந்த நாளில் ஒன்றின் குறை மற்றொன்றின் பயனையும் அழித்துவிடும் என்பதற்கு இதுவே சான்று.

புகைச் சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிய வண்டிக்கு முதல் பதிவு நாளிலிருந்து ஓராண்டு வரை அது தேவையில்லை. பிறகு, பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) எனப்படும் புகை வெளியீட்டுத் தர வரிசையில் பி.எஸ்.-4, பி.எஸ்.-6 தர வண்டிகளுக்கு ஓராண்டும், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதமும் செல்லும். இருசக்கர வாகனங்களில் பி.எஸ்.-4 தரம் 2017 ஏப்ரல் முதலும் பி.எஸ்.-6 தரம் 2020 ஏப்ரல் முதலும் கட்டாயமாக்கப்பட்டன. கட்டணமோ மிகச் சிறியது, எடுக்கும் நேரமோ சில நிமிடம். ஆனால் 190ஆம் பிரிவின்படி மாசு விதியை மீறுவதற்கான அபராதம் 10,000 ரூபாய் வரை செல்லலாம், மூன்று மாதம் உரிமத்தையும் இழக்க நேரலாம்.

இரவல் வண்டி நம் ஊர்களில் மிக இயல்பான ஒன்று. நண்பரின் வண்டியையோ அண்ணனின் வண்டியையோ எடுத்துச் செல்பவர் தன் உரிமத்தையும், வண்டிக்குரிய மற்ற மூன்று ஆவணங்களையும் காட்டக்கூடிய நிலையில் இருந்தால் போதும். உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதேநேரம், உரிமம் இல்லாதவருக்கு வண்டியைக் கொடுத்தால் 180ஆம் பிரிவின்படி கொடுத்தவரும் மூன்று மாதம் வரை சிறைக்கோ 5,000 ரூபாய் அபராதத்துக்கோ உள்ளாகலாம். வாங்கி ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவர் என்றால், 199ஏ பிரிவு பெற்றோரையோ உரிமையாளரையோ மூன்றாண்டு வரை சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் உள்ளாக்குகிறது. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். ஓட்டிய சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பும் பெற்றோர் இந்தப் பிரிவை ஒரு முறையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

சுற்றுலாத் தலங்களில் வாடகைக்கு எடுக்கும் இருசக்கர வாகனங்களுக்கு நான்கு ஆவணங்கள் போதாது. அவை வணிக வாகனங்கள் என்பதால் தகுதிச் சான்றும் உரிய அனுமதியும் வேண்டும், எண் பலகை கறுப்புப் பரப்பில் மஞ்சள் எழுத்துகளோடு இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை யாராவது வாடகைக்குக் கொடுத்தால், விபத்து நேரும்போது தனிப்பயன்பாட்டு நிபந்தனை மீறப்பட்டதாகக் காப்பீட்டு நிறுவனம் வாதிட இடமாகிவிடும். மின்சார வண்டிகளில், மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் உள்ள சிறு வகைகள் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் வருவதில்லை. உரிமமோ பதிவோ அவற்றுக்குத் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட மின் ஸ்கூட்டர்களுக்குப் புகைச் சான்றைத் தவிர மற்ற மூன்றும் வேண்டும். வேகத்தைக் கூட்டும்படி கடையில் மாற்றியமைத்த சிறு வகை வண்டி இந்த விலக்கை உடனே இழந்துவிடும்.

விபத்து நேர்ந்தால் ஓட்டுநருக்கு 134ஆம் பிரிவு சில கடமைகளை விதிக்கிறது. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது முதல் கடமை. காவல்துறைக்குத் தகவல் தருவதும், பாலிசி எண், அதன் காலம், விபத்தின் நாள், நேரம், இடம், காயமடைந்தவர் விவரம், ஓட்டியவரின் பெயர், உரிம விவரம் ஆகியவற்றைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிப்பதும் அடுத்தவை. சான்றிதழ்களை அப்போதே காட்ட முடியாவிட்டால், குறிப்பிடப்படும் காவல் நிலையத்தில் ஏழு நாள்களுக்குள் காட்ட 158ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் ஓட்டியவரே நினைவிழந்து கிடக்கலாம், செல்பேசி உடைந்திருக்கலாம், பூட்டைத் திறக்க யாருக்கும் தெரியாமல் போகலாம். ஆகவே செயலியை நம்பி ஓட்டுபவரும் உரிமத்தின் நகல் ஒன்றையும், அதன் பின்புறம் இரத்த வகையையும் வீட்டில் இருப்பவரின் எண்ணையும் எழுதி, பணப்பையில் வைத்திருப்பது நல்லது. சட்டம் இதைக் கேட்கவில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

அசல் ஆர்.சி.யையும் பாலிசியையும் சீட்டுக்கு அடியில் நிரந்தரமாக வைத்திருக்கும் பழக்கத்தைக் கைவிடுவதே நல்லது. வண்டி திருடு போனால் ஆவணங்களும் சேர்ந்தே போகும். காப்பீட்டுத் தொகை கோரும்போது நிறுவனம் கேட்பது அந்த ஆர்.சி.யையும் சாவிகளையும்தான். மழைநீர் புகுந்து எழுத்து அழிந்த பாலிசித் தாளைச் சோதனையில் நீட்டுவதைவிட, டிஜிலாக்கரில் வழங்கப்பட்ட பிரதியைக் காட்டுவது எல்லா வகையிலும் பாதுகாப்பானது.

சில மீறல்களில் உரிமத்தையே பறிமுதல் செய்யக் காவல்துறைக்கு 206ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அப்படி உரிமத்தைப் பெற்றுக்கொள்ளும் அலுவலர் அதற்கான தற்காலிக ஒப்புகைச் சீட்டைக் கட்டாயம் தர வேண்டும்; உரிமம் திரும்பக் கிடைக்கும் வரை, அல்லது அதில் குறிப்பிட்ட தேதி வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை அந்தச் சீட்டை வைத்தே வண்டி ஓட்டலாம், அடுத்த சோதனையில் உரிமத்துக்குப் பதிலாக அதையே காட்டலாம். சீட்டைப் பெறாமல் உரிமத்தைக் கொடுத்துவிட்டு வருபவருக்கு அடுத்த சந்திப்பிலேயே காட்ட ஒன்றும் இருக்காது. பெற்றவரும் அதில் எழுதப்பட்ட தேதியை அங்கேயே படித்துப் பார்த்து, அந்தத் தேதிக்கு முன்பாக உரிய அலுவலகத்தை அணுகிவிட வேண்டும், ஏனெனில் அந்த நாள் கடந்துவிட்டால் சீட்டு தரும் அனுமதியும் முடிந்துவிடும்.